கீழ்த்தளத்துத் தண்ணீருக்கு எந்த பம்ப்?

ஐப்பசி பிறந்தால் நம் புதுச்சேரியில் தீபாவளிப் பலகாரக் கவலையோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது: கீழே தண்ணீர் ஏறுமோ? 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் நம் ஊர்ப் பக்கம் கரையேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை! கிருஷ்ணா நகரில் சிக்கியவர்களை மீட்க ராணுவமே வந்தது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழுந்த மழை மட்டும் 40,000 லிட்டருக்கு மேல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடுகளில் நிலவறை அபூர்வம். அடுக்குமாடிகளில்தான் தெருமட்டத்துக்குக் கீழே வண்டி நிறுத்துகிறார்கள். கரண்ட் மீட்டரையும் அங்கேயே மாட்டிவிடுகிறார்கள். (கொத்தனாரிடம் 'பேஸ்மென்ட்' என்றால் வாசற்படி உயரத்தைப் பற்றிப் பேசுவார். நான் சொல்வது தரைக்குக் கீழே உள்ளதை.)

"சம்ப்பிலேர்ந்து மாடிக்கு ஏத்துற மோட்டார்தான் இருக்கே, அதையே போட்டா ஆகாதா?" என்பார் வீட்டுக்காரர். ஆகாது. அது நல்ல தண்ணீருக்கானது. சேறும் மணலும் போனால் உள்ளே சுழலும் விசிறி தேய்ந்துவிடும். கிணற்றில் படுக்கவைக்கும் சப்மர்சிபிளும் சரிப்படாது. அது முழுக்க முழுகியிருந்தால்தான் சூடு தணியும். முழங்கால் தண்ணீரில் வேலை செய்தால் காயில் கருகிவிடும். கடையில் 'சேற்றுத் தண்ணீர் இறைக்கும் சப்மர்சிபிள்' என்று கேளுங்கள். தண்ணீர் ஏறினால் தானே ஓடி, வடிந்தால் தானே நிற்கும் மிதவை சுவிட்ச் கட்டாயம் வேண்டும். தளத்தின் தாழ்ந்த மூலையில் குழி வெட்டி அதில் பம்பை இறக்கி, மேலே கனமான கம்பி மூடி போடச் சொல்லுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இந்த மூடி பம்பைவிட முக்கியம்.

எத்தனை எச்.பி. என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 20-க்கு 10 அடி அறையில் ஓரடித் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 5,600 லிட்டர். நிமிஷத்துக்கு 200 லிட்டர் தள்ளினால் அரை மணியில் வடியும். ஆனால் உயரம் கூடக் கூட இறைக்கும் அளவு குறையும். ஆகவே, "12 அடி மேலே ஏத்தினா நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வரும்?" என்று கேளுங்கள். குழாயின் வாய் தெருவில் நிற்கும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் வேண்டும். ரெயின்போ நகர் மாதிரி பள்ளமான இடங்களில் வாய்க்கால் நிரம்பினால், இறைத்ததெல்லாம் மறுபடி உங்கள் வீட்டுக்கே விருந்தாளி!

புயலன்று கரண்ட் இருக்காது. வாடகைக்கு எஞ்சின் பம்ப் எடுத்தால் அதை வெளியிலேயே வையுங்கள். அதன் புகையிலுள்ள விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. மூடிய தளத்தில் ஆளையே கொன்றுவிடும். பம்புக்குரிய சுவிட்ச்சும், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஆர்.சி.சி.பி.யும் மேல்தளத்தில் இருக்க வேண்டும். மெயினை அணைக்காமல் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. பம்ப் ஓடுகிறதே என்று ஸ்கூட்டரை எடுக்கவும் இறங்கவேண்டாம். 2024 ஜூலை 27 அன்று டெல்லி ராஜிந்தர் நகரில் பயிற்சி மையத்தின் கீழ்த்தளத்தில் மழைவெள்ளம் பாய்ந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள்.

புரட்டாசியிலேயே ஒருநாள் குழியில் பத்து வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மிதவை எழும்பி பம்ப் ஓடவில்லையென்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட இன்னும் நாள் இருக்கிறது.