பாதுகாப்பு யாருக்காக வளைகிறது?

குஜராத், தமிழ்நாடு கடற்பரப்புகளில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளை நிறுவ 7,453 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டன, பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டன. பெருஞ்செலவைக் கண்டு முதலாளிகள் தயங்கினர். திட்டம் மீண்டும் எழும்போது, இராணுவத் தேவை பற்றிய கேள்வியும் உடன் எழும்.

அக்கேள்வி பொய்யானதன்று. சுழலும் பேரலகுகள் ரேடார் திரையில் போலித் தடயங்களை உண்டாக்கி, மெய்யான வானூர்தியை மறைக்கக்கூடியவை. சுவீடன் அரசு 2024 நவம்பரில் பால்டிக் கடலின் 13 காற்றாலைத் திட்டங்களை இக்காரணம் காட்டியே நிராகரித்தது. தமிழகத்தின் தென்கரையோ மேலும் நெருக்கடியானது. விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிகளுடன் தொடர்புகொள்ளும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், உச்சிப்புளியில் கடற்படையின் வானூர்தித் தளம், குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் புதிய ஏவுதளம். இவற்றிற்கிடையேதான் காற்றுவளம் மிக்க கடற்பகுதி விரிகிறது.

ஆனால் பாதுகாப்பு விதி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பாகிஸ்தான் எல்லையோரம் பெருங்கட்டுமானங்களுக்கு இருந்த 10 கிலோமீட்டர் தடை, அதானி குழுமம் மின்திட்டம் அமைத்துவரும் கட்ச் மாவட்டத்துக் காவ்டாவுக்காகத் தளர்த்தப்பட்டதாக, 2025 பிப்ரவரியில் 'கார்டியன்' நாளேடு ஆவணங்களுடன் செய்தி வெளியிட்டது. நிலத்தில் இவ்வாறு வளைந்த விதி கடலில் நிமிர்ந்து நிற்கும் என்று எவர் நம்புவது? அங்கே கடற்படைக்கு ஒரு வட்டம், ஏவுதளத்திற்கு ஒரு வட்டம், காற்றாலைக்கு ஒரு வட்டம். எஞ்சிய நீரில் வலைவிரிக்க வேண்டிய மீனவரிடம் எவரும் கேட்பதில்லை.

இவ்விரு தேவைகளும் பகையாக வேண்டியதில்லை. கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம் 1960 முதல் அரசுடைமை. 2024 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்த ஆய்வுக்கப்பல் சந்தாயக் அத்தளத் தொழிலாளர்களின் கைவண்ணம். கடலடித் தரையை அளந்து வரைபடமாக்குவதே அதன் பணி. காற்றாலைக்கு அடித்தளமிடுவதற்கும் முதலில் வேண்டியது அத்தகைய அளவைதான். காற்றாலை நிறுவும் கப்பல்களை அயல்நாட்டு நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுப்பதைவிட, பொதுத்துறைத் தளங்களில் கட்டுவதே நாட்டுக்கு நலம்.

ஆகவே அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே கடற்படை தனக்கு விலக்கான பகுதிகளை அறிவிக்கட்டும். இரகசியம் காக்க வேண்டியது தளவாடங்களின் திறனையே, எல்லைக்கோட்டை அன்று. அவ்வரைபடம் தமிழில் அச்சாகி, மன்னார் வளைகுடாவின் ஒவ்வொரு மீனவ ஊரிலும் விவாதத்திற்கு வைக்கப்பட வேண்டும். அதன்மேல் விளையும் மின்சாரம் பொதுத்துறையிடமே இருத்தல் வேண்டும்.