வெள்ளமும் தலைவிதியும்

2023ம் வருஷம் மார்கழி பிறந்த அன்று, அதாவது டிசம்பர் 17ந் தேதி பிடித்த மழையில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்கள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிற்று. தாமிரபரணி கரை புரண்டது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. திருச்செந்தூரில் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பிரயாணிகள் தண்ணீருக்கு நடுவே தவித்தார்கள்.

வைப்பாற்றங்கரையிலுள்ள நமது வெம்பக்கோட்டைப் பக்கத்திலோ, வெள்ளம் வீட்டுக்குள் வராவிட்டாலும் அடைமழை அடுப்பை அணைத்துவிடும். வெயிலில்லாவிட்டால் மருந்து காயாது; மருந்து காயாவிட்டால் பட்டாசு வேலையில்லை; வேலையில்லாவிட்டால் கூலியில்லை.

இவ்வளவையும் "எல்லாம் அவன் செயல்" என்று முடித்துவிடுகிறவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். 2019ல் மழை பொய்த்தபோது கோயில்களில் வருண ஜபமும் யாகமும் செய்யும்படி அறநிலையத்துறையே சுற்றறிக்கை விட்டது. ஜபத்தால் மழையை வரவழைக்க முடியுமானால், 95 சென்டிமீட்டரை ஒன்பதாகக் குறைக்க ஒரு ஜபம் இல்லாமற் போனதேன்? குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட காற்றுச் சுழற்சிக்கு எந்த மந்திரமும் தெரியாது என்பதுதானே உண்மை?

நிற்க, மழை இயற்கையென்றால் சேதமும் இயற்கைதானா? கண்மாயைத் தூர்ந்துபோக விட்டது யார்? கலுங்கு ஓடையை வளைத்துப் போட்டுக்கொண்டது வருண பகவானா? வெள்ளத்தில் முங்கி, உயிரைப் பணயம் வைத்து மடை திறந்தவன் மடைக்குடும்பன். அவனுக்கு ஊரார் ஒதுக்கிய இடமோ பெரும்பாலும் பள்ளம். வெள்ளம் முதலில் நுழைவதும் அங்கேதான். தண்ணீருக்கு ஜாதி தெரியாது என்பார்கள். மெய்தான், தண்ணீருக்குத் தெரியாது, மனை அளந்தவனுக்குத் தெரியும்!

ஹாலந்து தேசத்தில் 1953ம் வருஷம் கடல் புகுந்து 1800 பேருக்கு மேல் மாண்டார்கள். அத்தேசத்தில் ஒரு பகுதி கடல் மட்டத்திற்கும் கீழானது. அவர்கள் விதியென்று உட்காரவில்லை; அணைகளும் கதவுகளும் கட்ட ஆரம்பித்து, 1997ம் வருஷம் வரை விடாமல் கட்டினார்கள். அவர்களுக்குள்ள கையும் மூளையும் நமக்கில்லையா?

ஆகவே தோழர்களே, அடுத்த ஐப்பசிக்கு முன்னரே உங்களூர்க் கண்மாய்க்கரையையும் மடையையும் கலுங்கையும் நேரில் போய்ப் பாருங்கள். மராமத்துப் பணம் எங்கே போயிற்று என்று கிராம சபையில் கேளுங்கள். பள்ளத்தில் கிடப்பவர்களுக்கு மேட்டில் மனையும், மழைநாளில் வேலை இழப்பவர்களுக்கு நிவாரணமும் கேளுங்கள். கேளாதவனுக்கு விதியைத்தான் காட்டுவார்கள். கேட்கிறவனுக்குக் கணக்கைக் காட்டித்தான் தீரவேண்டும்.