வகுப்பறைக்குத் தேவை குளிரா? காற்றா?



அண்மையில் நடந்த ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் தனித்து நின்றேன். நன்கொடையாகத் திரட்டிய பணத்தில் எல்லா வகுப்பறைகளுக்கும் குளிரூட்டி பொருத்துவது என்பதே அன்றைய தீர்மானம். "வேண்டாம்" என்றேன். பெற்றோர் ஒருவர் எழுந்தார்: "சார், பக்கத்துச் சீனப்பள்ளியில எல்லா வகுப்புலயும் ஏர்கோன் இருக்கு. நம்ம பிள்ளைங்க மட்டும் வேர்த்துக் கொட்டணுமா?" அரங்கமே கைதட்டியது. என்னை முன்னேற்றத்தின் எதிரி என்றே பலரும் எண்ணியிருப்பர்.

அவருடைய ஆதங்கம் நியாயமானது. தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவிடுமோ என்ற அச்சம் நம் எல்லாருக்கும் உண்டு. ஆனால், அந்த அச்சத்தில் நாம் வாங்கப்போவது என்ன என்பதைச் சற்றே பொறுமையாக ஆராய வேண்டாமா?

சுவரில் மாட்டப்படும் குளிரூட்டி வெளியிலிருந்து புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, மீண்டும் அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டி வெப்பத்தைத்தான் வெளியேற்றுகிறது, காற்றையன்று. குளிர் வீணாகக் கூடாதே என்று சன்னல்களையும் கதவையும் நாம் அடைத்து விடுகிறோம். பிறகு, உள்ளிருக்கும் 35 பிள்ளைகளும் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் வாங்குகின்றனர்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட வகுப்பறையில் ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர் காற்று உண்டு. அமர்ந்து படிக்கும் ஒரு பிள்ளை மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. 35 பிள்ளைகளுக்கு 420 லிட்டர். அறை முற்றாக மூடியிருந்தால், ஒரே மணி நேரத்தில் பத்து இலட்சம் பங்கு காற்றில் 2,000 பங்குக்கு மேல் கரியமில வாயு கூடிவிடும். வெளிக்காற்றில் இருப்பதோ 420 பங்கு அளவுதான். நம் நாட்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010ஆம் ஆண்டு வெளியிட்ட நடைமுறை விதி, பணியிடங்களின் உட்புறக் காற்றுக்கு 1,000 பங்கு என எல்லை வகுத்துள்ளது. மூடிய வகுப்பறை அந்த எல்லையைக் கால் மணி நேரம் சற்றுக் கடந்ததுமே தாண்டிவிடும். கதவிடுக்கில் கசியும் காற்று அதைச் சிறிது தள்ளிப்போடலாம், அவ்வளவே. அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் பெரியவருக்கு ஆகாத காற்று, ஏழு வயதுப் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?

இந்த அளவில் கரியமில வாயு நஞ்சன்று. ஆனால், எவ்வளவு காற்று மூச்சிலிருந்து மூச்சுக்கே திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவுகோல் அது. அதே காற்றில்தான் சளிக்காய்ச்சல் கிருமியும் காசநோய்க் கிருமியும் மிதக்கின்றன. காற்றோட்டம் குன்றிய வகுப்பறையில் பிள்ளைகளின் கவனம் மந்தமாவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. கோவிட் காலத்தில், 2021ஆம் ஆண்டு, உலகச் சுகாதார நிறுவனம் பொது இடங்களில் ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்றது. நம் வகுப்பறைக்கு அது 350 லிட்டர். சுவர்க் குளிரூட்டி தருவதோ சுழியம்! பெருந்தொற்று தந்த பாடத்தை இவ்வளவு விரைவில் மறக்கலாமா?

நம் கட்டடச் சட்டம் இதை அன்றே உணர்ந்திருந்தது. 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைச் சட்டங்களின்படி, வகுப்பறைச் சன்னல்களின் பரப்பு தரைப்பரப்பில் 20 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. 10 விழுக்காடாவது தடையின்றிக் காற்றுப் புகும் திறப்பாக இருக்க வேண்டும். அந்தத் திறப்பைத்தான் இன்று பணம் செலவழித்து அடைக்கிறோம்.

நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில். அரைச்சுவர், அதற்குமேல் கம்பிவலை, நீண்டு இறங்கிய தாழ்வாரம். மழை பெய்தால் ஒழுகும்; அந்த வறுமையை நான் போற்றவில்லை. ஆனால், காற்றுக்கு அங்கே பஞ்சமில்லை.

"வெயில் சுட்டெரிக்கிறதே, என்ன செய்வது?" என்பீர்கள். உண்மைதான். ஆயின், வெப்பம் எவ்வழி வருகிறது என்று பார்த்து அவ்வழியை அடைப்பதே அறிவுடைமை. தகரக் கூரையின் அடியில் வெப்பத் தடுப்புத் தாள் விரிக்கலாம். மேற்கு வெயில் விழும் சன்னலுக்கு வெளியே மறைப்பு அமைக்கலாம். எதிரெதிர்ச் சுவர்களின் சன்னல்களைத் திறந்து, மின்விசிறிகளைப் பழுது பார்க்கலாம். புத்ராஜெயாவில் 2010ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடத்தைப் பாருங்கள். தன் நிழல் தன்மீதே விழுமாறு அதன் சுவர்கள் கீழ்நோக்கி உட்சரிந்துள்ளன. அங்கும் குளிரூட்டி உண்டு. ஆனால், முதலில் வெயிலைத் தடுத்தார்கள், பிறகே குளிரூட்டினார்கள். வழக்கமான அலுவலகக் கட்டடத்தின் மின்செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அதற்குப் போதுமானதாக அமைந்தது.

மின்கட்டணத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒரு வகுப்பறைக்கு நான்கு மின்விசிறிகள் இழுப்பது ஏறத்தாழ 300 வாட். இரண்டு குதிரைத்திறன் கொண்ட குளிரூட்டிகள் இரண்டு முழுவீச்சில் ஓடினால் 3,000 வாட். பத்து மடங்கு! நன்கொடையாளர் கருவியை ஒருமுறைதான் வாங்கித் தருவார். கட்டணம் மாதந்தோறும் வரும். அந்தப் பணம் எதிலிருந்து கழியும்? நூலகத்திலிருந்தா, துணைப்பாட வகுப்பிலிருந்தா?

"புகைமூட்டம் வந்தால்?" என்று கேட்கலாம். 2015, 2019ஆம் ஆண்டுகளில் பள்ளிகளையே மூட நேர்ந்தது. ஆனால், குளிரூட்டியிலுள்ள மெல்லிய வலை பெருந்தூசியை மட்டுமே பிடிக்கும். நுண்துகள் அதனூடே நுழைந்துவிடும். அந்நாள்களுக்கு வேண்டியது நுண்வடிகட்டி பொருத்திய காற்றுத் தூய்மைக் கருவி. சில வாரப் புகைக்காக ஆண்டு முழுவதும் சன்னலை அடைக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே குளிரூட்டி பொருத்தியுள்ள பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். புதுக்காற்றை உள்ளிழுக்கும் விசிறி ஒன்றைச் சுவரில் அமையுங்கள். அதுவரை, ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஓய்வு நேரத்திலும் கதவு, சன்னல்களை அகலத் திறந்து வையுங்கள். கரியமில வாயு அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி வகுப்பறையில் வையுங்கள். என் சொல்லை நம்ப வேண்டாம். கருவி காட்டும் எண்ணை நம்புங்கள்.

பிற்பகலில் கொட்டாவி விடும் பிள்ளையைப் பார்த்து, "சோம்பேறி" என்று நானும் பலமுறை கடிந்திருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் இன்று மனத்தளவில் மன்னிப்புக் கேட்கிறேன். சோம்பல் பிள்ளையிடம் இருந்ததா, நாம் அடைத்து வைத்த அறையில் இருந்ததா?

தமிழ்ப்பள்ளியை நாடிப் பிள்ளைகள் வரவேண்டும் எனில், கற்பித்தலால் வரட்டும். முதலில் சன்னலைத் திறப்போம்.