சர்வர் இல்லாத சிற்றலுவலகமும் கணினிப் பராமரிப்பும்

கிராமங்களிலுள்ள கூட்டுறவுச் சங்கங்கள், உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் முதலியவற்றில் மூன்று முதல் ஆறு கணினிகள் வரை இருப்பது இப்பொழுது சாதாரணம். இவற்றையெல்லாம் ஓரிடத்திலிருந்து ஆளுகின்ற சர்வர் என்னும் மத்திய யந்திரம் இல்லாமையால்தான் தஸ்தாவேஜுகள் சீர்கெடுகின்றன என்று பலர் கூறுகின்றனர். இக்கூற்று பொருந்தாது என்பது எனது அபிப்பிராயம்.

சில வருஷங்களுக்கு முன் நான் பணியாற்றிய பிர்க்காவில், வெள்ளத்தாற் சேதமுற்ற நெற்பயிர்களின் ஜாபிதா ஓர் அலுவலகத்தில் ஒரே கணினியில் வைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் போய்வந்துகொண்டிருந்த ஓரிரவுக்குப் பின் அதன் டிஸ்க் திறக்கவில்லை. மறுபடியும் ஜாபிதா எழுதச் சென்றபோது வயல்கள் பல உழப்பட்டுவிட்டன. காட்டுவதற்குச் சேதம் இல்லாமையால் விவசாயிகள் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. அங்கே குறைவாயிருந்தது சர்வர் அன்று, ஒரு நகலே. சர்வர் இருந்தும் நகல் இல்லாவிடில் கதி அதுவேயாம்.

ஏரிப்பாசனத்தில் மடையைக் கவனிக்க நீர்க்கட்டி ஒருவன் போதும். கிணற்றுப்பாசனத்திலோ ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே தூர்வாரிக் காக்கவேண்டும். அவ்வாறு காத்தால் விளைவுக்குக் குறைவில்லை. சர்வர் இல்லாத அலுவலகம் இத்தகையதே. பயனர் கணக்கு, பாஸ்வேர்டு, பாதுகாப்புத் திருத்தம் யாவும் அந்தந்த யந்திரத்திலேயே இருப்பதால், ஒன்றிற் செய்த மாறுதல் மற்றொன்றிற்குத் தானே செல்லாது. ஆதலின் அவ்வொழுங்கை மனிதரே ஏற்படுத்தவேண்டும். அதற்கு வேண்டுவன நான்கு.

முதலாவது, ஒரு பதிவேடு. யந்திரத்தின் எண், வாங்கிய தேதி, உபயோகிப்பவர், விண்டோஸின் பதிப்பு, திருத்தம் செய்த தேதி ஆகியவற்றை அதில் எழுதி வரவேண்டும். இதைக் காக்கும் பொறுப்பைத் தீர்மான மூலம் ஒருவரிடமே ஒப்புவித்தல் நலம்.

இரண்டாவது, அதிகாரப் பிரிவு. அட்மினிஸ்டிரேட்டர் கணக்கின் பாஸ்வேர்டை உறையிலிட்டு முத்திரை வைத்து இரும்புப் பெட்டியில் வைத்தல் வேண்டும். தினசரி வேலைக்கு ஒவ்வொருவருக்கும் தனியே சாதாரணக் கணக்கு போதுமானது. ஒருவர் மாற்றலாகிச் சென்றால், அவர் கணக்கை அன்றே எல்லா யந்திரங்களிலும் மூடிவிடவேண்டும்.

மூன்றாவது, காலந்தவறாத திருத்தம். 2017 மே 12-ந் தேதி தொடங்கி ‘வானாக்ரை’ என்னும் தீய நிரல் சுமார் 150 தேசங்களிற் கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி அவ்வருஷம் மார்ச்சு மாதமே வெளியிட்டிருந்தது. அதைச் சேர்த்துக்கொள்ளாதவரே பெரும்பாலும் அல்லலுற்றனர். விண்டோஸ் 10-க்குரிய சாதாரண ஆதரவும் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. அப்பதிப்புள்ள யந்திரம் எதுவெனப் பதிவேட்டைப் பார்த்தவுடன் தெரியவேண்டும்.

நான்காவதும் தலையாயதும் நகல். பொதுவான கோப்புகளை ஒரு யந்திரத்தின் பகிர்வுக் கோப்புறையில் மாத்திரம் வைத்து, மற்றவர் அங்கிருந்தே எடுத்தாளவேண்டும். வெளி டிஸ்க் இரண்டு வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி நகல் எடுத்து, ஒன்றை வேறு கட்டிடத்தில் வைக்கவேண்டும். நகல் எடுத்தபின் டிஸ்க்கைக் கழற்றிவிடுதல் அவசியம். செருகியபடி விட்டால் தீய நிரல் அதையும் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்க்கவும் வேண்டும். முளைப்புத்திறன் பாராது விதைப்பார் உண்டோ?

கணினிகள் இருபதுக்கு மேற்படும்போதும், கிளைகள் பல ஏற்படும்போதும் சர்வரைப் பற்றி யோசிக்கலாம். ஏனெனில் சாதாரண விண்டோஸ் யந்திரம் தன் பகிர்வுக் கோப்புறைக்கு ஒரே சமயத்தில் இருபது இணைப்புகளுக்கு மேல் இடந்தராது. ஐந்து யந்திரங்களுக்காகச் சர்வர் வாங்கி, அதை அறிந்து நடத்த ஆளின்றித் தூசி படிய விடுதல் சங்கப் பணத்தை விரயமாக்குவதாகும்.

சங்க அங்கத்தினரான நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேட்பாராக: பதிவேடு யாரிடம் இருக்கிறது? நகல் எங்கே இருக்கிறது? அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்பொழுது? உடனே விடை கிடைக்குமாயின் அவ்வலுவலகத்திற் கவலையில்லை. கிடையாவிடில், அடுத்த மழைக்குள் விடை காண முயல்வது நமது கடமை.