காஸ்காரரிடம் சொல்லலாம், போனில் கேட்பவரிடம் கூடாது!

விலைவாசிக்கு அடுத்தபடியாக, நாலு பேர் கூடும் இடத்தில் இப்போது ஓ.டி.பி., மோசடி பேச்சு தான். 'பெண்களுக்கு விவரம் பத்தல; கேட்டதும் நம்பரை சொல்லிடுறாங்க' என்று, ஒரே வரியில் தீர்ப்பும் சொல்லி விடுகின்றனர். எனக்கு அப்படி தோன்றவில்லை. சொல்லிச் சொல்லி பழக்கி விட்டது யார் என்றும் யோசிக்க வேண்டாமா?

இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்ட, கார்டில் அச்சிட்ட விவரம் மட்டும் போதாது, இன்னொரு ரகசிய உறுதியும் வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு, 2009 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. நல்ல பூட்டு தான். அப்புறம் பார்சலுக்கு எண், வாடகை காருக்கு எண், 2020 நவம்பர் முதல் பெரிய நகரங்களில் காஸ் சிலிண்டருக்கும் எண் என்றாகி விட்டது. வாசலில் நிற்பவர், 'அம்மா, ஓ.டி.பி., சொல்லுங்க' என்றதும், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக் கொண்டு வாசித்து விடுகிறோம். இந்த பழக்கத்தை தான் மோசடிக்காரன் பிடித்துக் கொள்கிறான்.

சிலிண்டர் எண் என்பது, நாம் பதிவு செய்த பொருள் கைக்கு வந்ததற்கு அத்தாட்சி. பொருள் கண் முன்னே நிற்கிறது. வங்கியிலிருந்தும், வாட்ஸ் ஆப்பிலிருந்தும் வரும் எண்ணோ, வீட்டுச் சாவி. இரண்டையும் ஓ.டி.பி., என்று ஒரே பெயரில் அழைப்பதால் தான் குழப்பமே! ஆர்டரே கொடுக்காத பார்சலை, 'கேன்சல் பண்ண நம்பர் சொல்லுங்கம்மா' என்று ஒருவர் கேட்டால், வாசலிலேயே நின்றாலும் சொல்லக் கூடாது.

சரி, நாம் கேட்காமலே எண் வந்தால் என்ன அர்த்தம்? இதில் இரண்டு வகை உண்டு. போன் நம்பரை மட்டும் போட்டாலே எண் அனுப்பும் சேவைகளில், யாரோ நம் நம்பரை போட்டிருக்கின்றனர் என்று தான் பொருள். ஒரு இலக்கம் மாற்றி அழுத்தியவராகவும் இருக்கலாம். எண்ணை யாரிடமும் சொல்லாத வரை, ஒன்றும் பறிபோகாது, பயப்பட வேண்டாம்.

ஆனால், பாஸ்வேர்டு சரியாக போட்ட பிறகே எண் அனுப்பும் கணக்குகளும் உள்ளன. அப்படிப்பட்ட இ-மெயிலிலிருந்தோ, வங்கியிலிருந்தோ கேட்காமல் எண் வந்தால், ஒரு சாவி ஏற்கனவே கைமாறி விட்டது என்று எடுத்துக் கொள்வதே நல்லது. உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ, அங்கேயும் மாற்றணும். வந்த செய்தியில் உள்ள லிங்க்கை தொடவோ, அதிலுள்ள நம்பருக்கு போன் செய்யவோ வேண்டாம்; அதுவே வலையாக இருக்கலாம். நீங்களே நேராக ஆப்பை திறந்து மாற்றுங்கள்.

எங்கள் காலனி பெண்மணி ஒருவருக்கு, தோழியின் நம்பரிலிருந்தே, 'அக்கா, தவறுதலா ஒரு ஆறு இலக்க எண் உங்களுக்கு வந்திருக்கும், அனுப்புங்க' என்று செய்தி வந்தது. தோழியின் வாட்ஸ் ஆப் ஏற்கனவே களவு போனது, இவருக்கு தெரியாது. அனுப்பிய சில நிமிடத்தில் இவருடைய வாட்ஸ் ஆப்பும் போனது. இவர் பெயரில் உறவினரிடமெல்லாம் அவசர கடன் கேட்டிருக்கின்றனர். மறுபடி தன் நம்பரை பதிவு செய்த பிறகு தான் மீண்டது. வாட்ஸ் ஆப் செட்டிங்சில், 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' என்று ஒன்று உண்டு. அதில் ஆறு இலக்க ரகசிய எண் வைத்து விட்டால், ஓ.டி.பி., மட்டும் கிடைத்தவனால் உள்ளே நுழைய முடியாது. இன்றைக்கே வைத்து விடுங்கள்.

இன்னொரு விஷயம்... கணக்கு மனைவி பெயரில். பதிவு செய்த நம்பரோ கணவருடையது அல்லது வெளியூரில் இருக்கும் மகனுடையது. பணம் போனாலும், எண் வந்தாலும், கணக்குக்கு சொந்தக்காரிக்கு தெரிவதில்லை. உங்கள் கணக்குக்கு உங்கள் நம்பரையே கொடுங்கள். பழைய சிம்மை விடும் முன், வங்கியில் நம்பரை மாற்றுங்கள். ரத்தான நம்பரை, 90 நாளுக்கு பின் வேறொருவருக்கு தந்து விடுவர், உங்கள் ஓ.டி.பி., அவர் கைக்கு போகும்!

பணம் போய் விட்டால், 'வீட்டுல திட்டுவாங்களே' என்று மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கு சொல்லி, 1930க்கு போன் செய்யுங்கள். ரகசிய எண்ணை வாடிக்கையாளரே சொல்லியிருந்தாலும், வங்கிக்கு புகார் தந்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியையே சேரும் என, 2017 ஜூலை சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி கூறியது. திட்டுக்கு பயந்து தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்கு தான் நஷ்டம்.

வங்கிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எச்சரிக்கையை ஆங்கிலத்தில், கடைசி வரியில் போட்டு விட்டு, 'நாங்க தான் சொன்னோமே' என்பது நியாயமா? 'இது உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் எண்' என்று, முதல் வரியிலேயே தமிழில் போட்டால், என் மாமியார் கூட படித்து விட்டு போனை வைத்து விடுவார்.

— ஒரு வாசகி, திருச்சி.