தீக்குச்சி தாமதமானால்...

கேஸ் அடுப்பின் குமிழைத் திருப்பிவிட்டு, அப்புறம் தீப்பெட்டியைத் தேடிய அனுபவம் உங்களுக்கு உண்டா, சகோதரி? குச்சியைக் கிழித்துக் கிட்டே கொண்டுபோகிறீர்கள். 'பப்'பென்று ஒரு சத்தம். கை ரோமம் பொசுங்குகிறது. உடனே பற்றியிருந்தால் சமர்த்தாக எரிந்திருக்கும். சற்று நேரம் சேர்ந்துவிட்டதால் வெடித்தது. இது புரிந்தால் டீசல் எஞ்சின் சமாசாரம் பாதி புரிந்த மாதிரிதான்.

"எனக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? ஊரில் தம்பி சின்ன டிராக்டர் வாங்கக் கை வளையலைக் கழற்றிக் கொடுத்தவர் நீங்கள்தானே! வளையல் மீள வேண்டுமானால் டிராக்டர் ஓட வேண்டாமா?

பெட்ரோல் கார் மாதிரி டீசல் எஞ்சினில் பொறி தட்டுவது கிடையாது. உள்ளே வந்த காற்றை 16-இல் ஒரு பங்கு, 20-இல் ஒரு பங்கு என்று நெருக்குவார்கள். அந்த நெருக்கலிலேயே காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ந்துவிடும். அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீச்சுவதற்கும் பற்றுவதற்கும் நடுவே ஒரு கணத் தாமதம் உண்டு. அது எவ்வளவு குறைவு என்று சொல்வதுதான் 'சீட்டேன் எண்'. எண் கூடினால் சீக்கிரம் பற்றும். குறைந்தால் டீசல் சேர்ந்து, உங்கள் அடுப்பைப் போலவே 'டப்'பென்று வெடிக்கும்.

சீட்டேன் என்பது சட்டென்று பற்றும் ஓர் எண்ணெய். அதற்கு 100 மார்க். பெயர் வந்தது திமிங்கலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து!

நம் நாடு முழுவதும் 2020 ஏப்ரல் முதல் விற்கும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலுக்குக் குறைந்தது 51 மார்க் இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் 40 போதும். டிராக்டரோடு வந்த கைப்புத்தகம் கேட்கும் எண் இருந்தால் சரி. அதற்கு மேல் அதிக விலை கொடுத்து வாங்குவதால் வண்டிக்குப் பலம் கூடிவிடாது.

ஆபத்து எங்கே தெரியுமா? கலப்படத்தில். பெட்ரோல் எளிதில் தானே பற்றாதபடி தயாராவது. டீசலில் கலந்தால் எண் இறங்கிவிடும், டாங்கிலும் தீப்பிடிக்கும் பயம். மண்ணெண்ணெய் கலந்தால் வழவழப்புக் குறைந்து, டீசலைப் பீச்சும் பம்பு தேய்ந்துபோகும். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பம்புக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டும்.

ஆகவே இன்றைக்கே தம்பிக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். காலைக் குளிரில் வண்டி கிளம்ப முரண்டு பிடிக்கிறதா? வெள்ளைப் புகை விடுகிறதா? வழக்கத்தைவிடக் கடகடவென்று தட்டுகிறதா? 'ஆமாம்' என்றால், முதலில் நல்ல பங்க்கில் சுத்த டீசல் வாங்கி ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் தீரவில்லையா, கோளாறு எஞ்சினில் இருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

"அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று தம்பி அசந்துபோவான். "அடுப்படியில் கற்றுக்கொண்டேன்" என்று சொல்லுங்கள். பொய்யில்லையே!