பெரியம்மாவின் சேலை நிறம்



இந்தப் பயணச் சிறப்பிதழ் வேலை தொடங்கிய வாரம் ராஜபாளையத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். பரணை ஒழுங்குபடுத்தியபோது டிரங்குப் பெட்டியில் உள்ளங்கையளவு வீடியோ கேசட் ஒன்று அகப்பட்டது. ‘அருவி, கோவில் – 1992’ என்று அண்ணனின் கையெழுத்து.

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த ஹேண்டிகேமில் எடுத்தது. அதுவரை எங்களுக்கு வீடியோ என்றால் கல்யாண வீடுதான். தோளில் கனத்த வி.எச்.எஸ். கேமரா, கூடவே லைட் பிடிக்க ஒரு பையன். அதைத் தூக்கிக்கொண்டு யார் அருவிக்குப் போவார்கள்? எண்பதுகளின் நடுவில் 8 மில்லிமீட்டர் நாடா வந்த பிறகு கேமரா சிறுத்தது. 1989-ல் வந்த சோனி டிஆர்-55 வெறும் 790 கிராம். பாஸ்போர்ட் அளவு என்றே விளம்பரம் செய்தார்கள்.

காலையில் அய்யனார் கோவில் அருவி, மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர். பேட்டரி ஒரு மணி நேரம் தாங்காது. மிச்சமிருந்த சார்ஜை ஆண்டாள் கோவிலுக்கென்று அண்ணன் சேமித்து வைத்திருந்தார். பதினோரு நிலைக் கோபுரம், பால்கோவா கடை, கோபுரத்தடியில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி பெரியம்மா.

ராத்திரி கேமராவை டிவியில் மாட்டினால் படம் மேலும் கீழும் ஓடியது. பின்பக்கத் திருகைத் திருகித் திருகி நிறுத்தினோம். நிறம் மட்டும் வரவேயில்லை. அமெரிக்கக் கேமரா என்.டி.எஸ்.சி. முறை, நம் டிவி ‘பால்’ (PAL) முறை. நாடாவில் நிறம் பத்திரமாக இருந்தது, அதைப் படிக்கத்தான் எங்கள் டிவிக்குத் தெரியவில்லை. கறுப்பு வெள்ளையிலேயே தெருவே வந்து பார்த்தது.

இதழுக்காகப் பயண எழுத்தாளர் அ. க. செட்டியாரைப் படித்துக்கொண்டிருந்ததால், கேசட்டைத் திரும்பப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக அவர் ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் சுற்றி, 50,000 அடி பிலிம் சேர்த்து, 1940-ல் படத்தை வெளியிட்டார். ஓட்டிப் பார்த்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வரும் அந்தப் பிலிம் இன்று விரல் நகத்தளவு கார்டில் அடங்கிவிடும். அவ்வளவு பாடுபட்டு எடுத்த படமே பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல் போனது. அதன் சுருக்கப்பட்ட ஆங்கிலப் பிரதி, வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலால் அமெரிக்காவில் கிடைத்தது. நம் வீட்டுக் கேசட்டை யார் தேடப்போகிறார்கள்?

உங்கள் வீட்டிலும் இப்படியொரு கேசட் இருக்கும். தயவுசெய்து இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிவிடாதீர்கள். மெஷினின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். வி.எச்.எஸ். டெக் செய்வதை 2016-லேயே கடைசி நிறுவனமும் நிறுத்திவிட்டது. நாடா நன்றாயிருந்தாலும் ஓட்ட மெஷின் வேண்டுமே! எங்கள் கேசட்டுக்கு ஏற்ற பழைய கேமரா மதுரையில் ஒரு தம்பியிடம் இருந்தது. நாடாவைத் துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பென்டிரைவில் தந்தார்.

போன வாரம் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கோபுரத்தடியில் நின்றவரின் சேலை, நல்ல மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் திரையில் நாங்கள் யாரும் பார்க்காத நிறம். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இது உங்க பெரியப்பா எடுத்துக் குடுத்த சேலைய்யா. இன்னொரு தடவ போடு.”

அன்புடன்,
ஆசிரியர்